குவேக்கின் பங்காளிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினித் துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றிய சென்ற கட்டுரையில் ‘ஹாஃப்-லைஃபும் கால் ஆஃப் டியூட்டியும் பங்காளிகள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இரண்டையும் பல வருடங்கள் விளையாடியவன் நான். ஒன்றில் ஒரு விஞ்ஞானி ஆய்வகத்துக்குள் மாட்டிக்கொள்கிறார், மற்றது இரண்டாம் உலகப்போர். செய்தவர்களும் வேறு வேறு நிறுவனத்தினர். எந்த வகையில் பங்காளி?

விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலான எஞ்சினுக்கு நீங்கள் அளவுக்கு மீறி மரியாதை தருகிறீர்களோ என்றும் தோன்றுகிறது. எஞ்சின் என்பது எழுதுகிறவன் கையில் இருக்கும் பேனா. கதையைப் படிக்கிறவன் பேனாவின் வரலாற்றையா கேட்கிறான்? டூம் உண்மையில் முப்பரிமாணமே இல்லை என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார், அதற்கு என்ன சொல்கிறீர்கள்? டூம், குவேக் எஞ்சின்களை எழுதிய ஜான் கார்மாக் கண்டுபிடித்த அந்த மாய எண்ணைப் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

எனக்குக் கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும். இந்தப் பழைய எஞ்சின்களின் நிரலை யாரும் படிக்கலாம் என்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

அன்புடன்
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பங்காளி என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். ஒரே வீட்டுச் சொத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனவர்கள். அப்புறம் முகம் பார்க்காமலே காலம் தள்ளலாம், அதனால் உறவு இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே பிரிந்த சொத்து குவேக் எஞ்சின். அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் 1996 ஜூன் 22 அன்று குவேக் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வெளியே வந்த கேப் நியூவெல்லும் மைக் ஹாரிங்டனும் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குவேக் எஞ்சினுக்கு உரிமம் வாங்கி, அதில் பெரும்பகுதியை மாற்றி எழுதி, 1998 நவம்பரில் ஹாஃப்-லைஃபைக் கொண்டுவந்தார்கள். இது ஒரு கிளை. ஐடி தன் பங்குக்கு அதே எஞ்சினை வளர்த்து 1997-இல் குவேக் 2, 1999-இல் குவேக் 3 அரீனா என்று போனது. குவேக் 3-இன் எஞ்சினில்தான் 2002-இல் மெடல் ஆஃப் ஹானர்: அலைட் அசால்ட் வந்தது. அதைச் செய்தவர்களில் ஒரு கூட்டம் பிரிந்து போய் இன்ஃபினிட்டி வார்டை ஆரம்பித்து, 2003-இல் அதே எஞ்சின் மேல் முதல் கால் ஆஃப் டியூட்டியைக் கட்டியது. இது இன்னொரு கிளை.

வேடிக்கை என்னவென்றால், இன்ஃபினிட்டி வார்டின் நிறுவனர்களில் இருவர் பின்னால் அங்கிருந்தும் வெளியேறி ரெஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014-இல் டைட்டன்ஃபாலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வால்வின் சோர்ஸ் எஞ்சினை. அதாவது முதல் கிளையின் வாரிசை. 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் அதில்தான் ஓடுகிறது. பங்காளிகள் ஒன்று கூடிவிட்டார்கள், யாரும் பந்தல் போட்டுக் கொண்டாடவில்லை.

சரி, பேனாவுக்கு வருகிறேன். பேனாவை மாற்றினால் கவிதை மாறாது. எஞ்சினை மாற்றினால் விளையாட்டு மாறும். உவமை வேண்டுமென்றால் யாப்பைச் சொல்வேன். வெண்பா எழுத உட்கார்ந்தவனுக்குக் கடைசி அடி மூன்று சீரில் முடிய வேண்டும் என்பது முதல் அடியிலேயே தெரியும். அவன் சொல்ல வருவதே அதற்கேற்ப வளையும்.

உங்கள் நண்பர் கேட்ட டூமையே எடுத்துக்கொள்வோம். குவேக்குக்கு முன் ஐடி செய்த விளையாட்டு, 1993 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதன் வரைபடம் தரையில் கோடு போட்டு வரைந்த வீட்டுப் பிளான் மாதிரி. ஒவ்வொரு பகுதிக்கும் தரையின் உயரம் ஒன்று, கூரையின் உயரம் ஒன்று, அவ்வளவுதான். ஒரு அறைக்கு மேலே இன்னொரு அறை வைக்க முடியாது. சுவர்கள் எல்லாம் செங்குத்து. தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவும் முடியாது. இந்த அர்த்தத்தில் நண்பர் சொல்வது சரி. ஆனால் படிகள் உண்டு, குழிகள் உண்டு, உயரத்தில் நின்று நெருப்பு எறியும் அசுரன் உண்டு. அவன் எறிவது கீழே இறங்கித்தான் உங்களைத் தாக்கும். முழு முப்பரிமாணம் இல்லை, தட்டையும் இல்லை. மாடி கட்ட முடியாது என்பதால்தான் டூமின் தளங்கள் பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஜன்னல் வழியாக ஒரு முற்றம் தெரியும், அங்கே எப்படிப் போவது என்று நாம் சுற்றிச் சுற்றி வருவோம். அந்த ஏக்கத்தைத் தந்ததில் வடிவமைப்பாளருக்கு ஒரு பங்கு, எஞ்சினின் இயலாமைக்கு ஒரு பங்கு.

எந்தச் சுவரை முதலில் வரைவது, எது எதை மறைக்கிறது என்பதுதான் அன்றைய கணினிக்குப் பெரிய சுமை. ஃபக்ஸ், கெடெம், நேய்லர் மூவரும் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த வழி ஒன்று உண்டு. இடத்தை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாகப் பிளந்து, ஒரு மரமாக முன்கூட்டியே அடுக்கிவைப்பது. கார்மாக் அதை எடுத்து விளையாட்டுக்குள் வைத்தார். அவருடைய திறமையே இதுதான் என்று நினைக்கிறேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட, எங்கோ ஆய்வேட்டில் கிடப்பதை வீட்டுக் கணினியில் ஓட வைப்பது.

குவேக்கில் அறைக்கு மேல் அறை வந்தது. தலையை நிமிர்த்தி மேலேயும், குனிந்து கீழேயும் பார்க்கலாம். அதற்குக் கொடுத்த விலை பெரியது. சாய்ந்த பரப்பின் மேல் ஒரு படத்தைச் சரியான தோற்றத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வகுத்தல் கணக்கு போட வேண்டும். அன்றைய பென்டியம் சிப்புக்கு வகுத்தல் என்பது மலையேற்றம். கார்மாக்கும், மைக்ரோசாஃப்ட்டிலிருந்து ஐடிக்கு வந்து சேர்ந்த மைக்கேல் ஏப்ரஷும் என்ன செய்தார்கள் தெரியுமா? 16 பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் வகுத்தார்கள், நடுவில் இருப்பதை நேர்கோட்டில் இட்டு நிரப்பினார்கள். பென்டியத்தின் ஒரு பகுதி அடுத்த வகுத்தலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பகுதி இந்த 16 பிக்சலை வரைந்து முடித்துவிடும். வகுத்தல் கிட்டத்தட்ட இலவசம். எந்த இடத்தில் நின்றால் எந்தெந்த இடம் தெரியலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கோப்பில் வைத்தார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் அப்படியே.

இத்தனை செய்தும், உருவங்களைக் கட்டும் பலகோணங்களை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க முடிந்தது. டூமில் கூட்டம் கூட்டமாக வந்த அசுரர்கள் குவேக்கில் ஒருவர் இருவராகத்தான் வருகிறார்கள். குவேக்கின் அந்தத் தனிமையும், ஆளில்லாத கோட்டைகளின் கனமும் பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லுங்கள். பேனாவிலிருந்தா?

ஆனால் ஒன்று. நான் இவ்வளவு ரசித்துச் சொன்ன 16 பிக்சல் தந்திரம் ஏழு மாதம்கூடத் தனிக்காட்டு ராஜாவாக இருக்கவில்லை. 1997 ஜனவரியில் கார்மாக்கே ஜிஎல்குவேக்கை வெளியிட்டார். படம் வரைவதற்கென்றே கணினியில் செருகும் வூடூ மாதிரியான 3டி கார்டு இருந்தால் வரையும் வேலை முழுவதும் கார்டுக்குப் போய்விடும். தன் உழைப்பின் அருமையான பகுதியைத் தானே தூக்கிப் போட்ட மனிதர் அவர். எஞ்சினின் மரபு அதன் வேகத் தந்திரங்களில் இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தந்திரங்கள் எல்லாம் செத்துவிட்டன.

உயிரோடு இருப்பது வேறு. டூமில் எஞ்சின் ஒரு பக்கம், தளங்கள், படங்கள், ஒலிகள் எல்லாம் ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் இன்னொரு பக்கம். அதற்கு முந்தைய வுல்ஃபன்ஸ்டைன் 3டியை (1992) ரசிகர்கள் யாரும் அழைக்காமலே பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். கார்மாக் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை, அடுத்த விளையாட்டில் அவர்களுக்காகக் கதவு வைத்தார். கேம் எஞ்சின் என்ற பேச்சே டூம் காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. குவேக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், விளையாட்டின் விதிகளையே குவேக்-சி என்ற சிறிய மொழியில் தனியாக எழுதி வெளியே வைத்தார்கள். துப்பாக்கி எப்படிச் சுட வேண்டும், அசுரன் எப்போது விழிக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் மாற்றலாம். ஆஸ்திரேலியாவில் மூன்று இளைஞர்கள் 1996-இல் டீம் ஃபோர்ட்ரெஸ் என்ற மோடை, அதாவது குவேக்கை மாற்றியமைத்த விளையாட்டைச் செய்தது அப்படித்தான். பிறகு வால்வ் அந்தக் குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஹாஃப்-லைஃபும் இந்தக் கதவைத் திறந்தே வைத்தது, 1999-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் அதன் வழியாக உள்ளே வந்தது.

வலைவழி ஆட்டத்திலும் ஒரு பாக்கி உண்டு. முதலில் வந்த குவேக்கில், நீங்கள் பொத்தானை அழுத்தினால் அது ஆட்டத்தை நடத்தும் தொலைவுக் கணினியான செர்வருக்குப் போய், பதில் வந்த பிறகுதான் உங்கள் உடல் நகரும். அலுவலகத்து உள்வலையில் இது தெரியாது, மோடத்தில் விளையாடினால் சேற்றில் நடப்பது போல இருக்கும். 1996 டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்டு இதை மாற்றியது. செர்வர் என்ன சொல்லும் என்று உங்கள் கணினியே ஊகித்து உடனே நகர்த்திவிடும், பதில் வந்ததும் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளும். இன்றைக்கும் வலையில் ஓடும் துப்பாக்கி விளையாட்டுகளில் இதே யோசனைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிரலைக் கொடுத்துவிட்டார்கள். டூமின் நிரல் 1997 டிசம்பரில் வந்தது, 1999-இல், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. குவேக் 1999 டிசம்பரில், குவேக் 2 2001-இல், குவேக் 3 2005-இல். டூம் 3-இன் நிரல் 2011-இல் வந்தபோது, நிழல் வரையும் முறை ஒன்றுக்கு வேறொரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததால், கார்மாக் உட்கார்ந்து அந்தச் சில வரிகளை மாற்றி எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த வழக்கம் நின்றது. 2009-லேயே ஐடியை ஜெனிமேக்ஸ் வாங்கியிருந்தது. 2013-இல் கார்மாக்கும் போய்விட்டார். டூம் 3-க்குப் பிந்தைய ஐடி எஞ்சின்கள் எதன் நிரலும் வெளியே வரவில்லை. 1993-இல் வந்த டூம் இன்றும் கால்குலேட்டரிலும் பிரிண்டரிலும் ஓடுகிறது என்றால் நிரல் கைக்குக் கிடைத்ததால்தான்.

இப்போது அந்த மாய எண். 1597463007. குவேக் 3-இன் நிரலில், வர்க்கமூலத்தின் தலைகீழை மின்னல் வேகத்தில் கண்டுபிடிக்கும் சில வரிகளுக்கு நடுவில் இது உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே ‘என்ன கண்றாவி இது’ என்ற பொருளில் யாரோ ஒரு கெட்ட வார்த்தையோடு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். 2005-இல் நிரல் வெளியானதும் உலகம் அதைக் கார்மாக் கணக்கில் எழுதிவிட்டது. அவரே நான் இல்லை என்று சொல்லிவிட்டார். பிற்பாடு தேடிப் போனவர்கள், 1980-களின் கடைசியில் ஆர்டென்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த கிரெக் வால்ஷிடம் போய் நின்றார்கள். அவருக்கு யோசனை தந்தவர் கணிதவியலாளர் கிளீவ் மோலர். கார்மாக் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும் அடுத்தவர் மரத்துப் பழத்தை அவர் கூடையில் போட வேண்டாம்.

எனக்குப் பிடித்த மிச்சம் அந்த எண் இல்லை, ஒரு விளக்கு. குவேக்கில் கெட்டுப்போன குழல்விளக்கு துடிப்பதை ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்துக் குறித்தார்கள். ‘ஏ’ என்றால் இருட்டு, ‘எம்’ என்றால் சாதாரண வெளிச்சம், ‘இஸட்’ என்றால் இரு மடங்கு. நொடிக்குப் பத்து எழுத்து. எம் எம் ஏ எம் ஏ எம் எம் எம் எம் ஏ என்று அது போகும். ஹாஃப்-லைஃப் உரிமத்தோடு அந்த விளக்கையும் வாங்கிப் போனது. வால்வ் எஞ்சினை மாற்றி எழுதியது, மறுபடி மாற்றி எழுதியது. 2020-இல் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வந்தபோது ரசிகர்கள் காட்சிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். 24 வருடம் கழித்தும் அதே துடிப்பு.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நேராக எஞ்சினுக்குள் குதிக்காதீர்கள். குவேக்-சி கோப்புகளை எடுங்கள், ஆயுதங்களுக்கென்று ஒரு கோப்பு தனியாக இருக்கும். அதில் ராக்கெட்டின் வேகம் 1000 என்று எழுதியிருக்கும். நான் முதன்முதலில் செய்தது, அதை 100 ஆக்கியது. வீரனின் ஓட்டம் 320. சுட்டுவிட்டு என் ராக்கெட்டை நானே முந்திக்கொண்டு ஓடி, திரும்பி நின்று, அது ஆடி அசைந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.