மும்பையில் இருந்துகொண்டு தினசரி வேலைகளுக்கு ஓரை பார்க்க முடியுமா?

லோக்கல் ரயிலுக்கு ஓடுகிற ஊரில் ஓரை, அதாவது ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய சுமார் ஒரு மணி நேரப் பொழுது, பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தினசரிக் காலண்டர்தான் உங்கள் சுவரிலும் தொங்குகிறது என்று நினைக்கிறேன். தாராவியில் இருபது வருடமாக ஓரை பார்த்துத்தான் முக்கியமான காரியங்களைத் தொடங்குகிறேன், தாராளமாக நடக்கும். ஆனால் அந்தக் காலண்டரில் இருக்கும் ஓரை அட்டவணையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். முதன்முதலில் மாவுக் கடைக்கு இடம் பிடித்தபோது ஜனவரி மாதம், வியாழக்கிழமை. காலை 6 முதல் 7 வரை குரு ஓரை என்று போட்டிருந்தது. 6:20க்குக் கடைக்காரரை எழுப்பி, அறுபதாயிரம் ரூபாய் டெபாசிட்டை வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். அன்று மாலை ஊரில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்மா, ரூவா கொடுக்கும்போது விடிஞ்சிருந்ததா?"

"இல்லப்பா, டியூப் லைட் போட்டுத்தான் எண்ணினோம்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

ஓரை என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. அந்தந்தக் கிழமைக்குரிய கிரகம்தான் முதல் ஓரை. பிறகு சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்ற வரிசையில் சுற்றி வரும். 24 ஓரை முடிந்து 25வது எது வருகிறதோ, அதுதான் மறுநாள் கிழமை. காலண்டர்காரர்கள் எல்லா நாளும் 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு அச்சடிக்கிறார்கள். மும்பையில் ஜனவரி நடுவில் சூரியன் உதிப்பது 7:14 வாக்கில். அப்படியென்றால் நான் பணம் கொடுத்த நேரம் இன்னும் புதன்கிழமை இரவின் கடைசி ஓரை. எண்ணிப் பாருங்கள், அது சனி ஓரை.

எட்டே மாதத்தில் அந்தக் கடைக்காரர் இடத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். டெபாசிட் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. ஓரையால்தான் இப்படி ஆனது என்று நான் சத்தியம் செய்யவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடாததும் காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். மூடநம்பிக்கை என்று சொல்ல வருகிறவர்கள் இதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது கடைக்கு வியாழக்கிழமை விடிந்து அரை மணி கழித்து, வாசலில் வெளிச்சம் விழுந்த பிறகு பணம் கொடுத்தேன். ஒப்பந்தமும் போட்டேன். பதினோரு வருடமாக அந்தக் கடை ஓடுகிறது.

    

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரயிலுக்கும் ஆபீஸுக்கும் ஓரை பார்க்காதீர்கள், அந்த நேரம் நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் காரியத்துக்குப் பாருங்கள். நகை, துணி எடுக்கச் சுக்கிரன், கணக்கு, படிப்புக்குப் புதன், பணம் போட குரு. கடனை அடைக்கச் செவ்வாய் ஓரை, அடைத்த கடன் திரும்ப வராது என்பார்கள். ராகு காலத்தோடு மோதுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பையின் உதய, அஸ்தமன நேரம் காலநிர்ணய் காலண்டரிலேயே இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் பகல் ஓரை. ஜனவரியில் ஒன்று 55 நிமிடம்தான், ஜூனில் 66 நிமிடம். அப்பா இதைப் பாக்கெட் டைரியில் மாதாமாதம் பென்சிலால் எழுதி வைப்பார். இப்போது அதே டைரியில் நான் எழுதுகிறேன்.