மேல்வீட்டு வைஃபை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்து, இணைய இணைப்பும் போய்விட்டது. என் கணவருக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. மேல்வீட்டு மாமா தாமாகவே தம் வைஃபை பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்து, "உங்க லைன் சரியாகிறவரைக்கும் வெச்சுக்கோங்கோ" என்றார். இரண்டு வாரத்தில் லைன் சரியாயிற்று. ஆனால் மாதம் 700 ரூபாய் மிச்சம் என்று எங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவரிடம் சொல்லாமலே இன்றுவரை அவருடையதைப் பயன்படுத்துகிறோம். ஞாயிறு இரவுகளில் அமெரிக்காவிலுள்ள மகளோடு பேசும்போது, "கேக்கறதா? படம் நின்னுடுத்தும்மா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது எங்கள் சமையலறை ஜன்னலில் கேட்கிறது. அதே நேரம் என் மகன் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். அளவில்லாத திட்டம்தானே, அவருக்கு என்ன நஷ்டம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
— பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரிதான், சகோதரி. மாமா கொடுத்த வார்த்தையிலேயே ஒரு கெடு இருந்தது. லைன் சரியான அன்று அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு நாளும் அவருடைய அனுமதி இல்லாத நாள்தான்.

'அளவில்லாத' என்ற சொல் மாதம் முழுவதும் பயன்படுத்தும் மொத்த அளவைக் குறிக்கிறதே தவிர, ஒரு நொடியில் கிடைக்கும் வேகத்தைக் குறிப்பதில்லை. அந்த வேகத்தை, இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதிலும், கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் கீழே வரும் சிக்னல் பலவீனமானது என்பதால், உங்கள் மகனின் கைப்பேசி அதே அளவு தகவலைப் பெற ரூட்டரின் நேரத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதுவரை மற்றக் கருவிகள் காத்திருக்க வேண்டும். படம் நின்றுபோக வேறு காரணமும் இருக்கலாம். ஆனால், காரணத்தைத் தேடும் மாமாவுக்குக் கீழ்வீடும் தம் லைனில்தான் இருக்கிறது என்பதே தெரியாதே! பாவம், அவர் கம்பெனிக்குப் புகார் செய்வார், புது ரூட்டர் வாங்குவார், பெரிய திட்டத்துக்கு மாறிக் கூடுதலாகப் பணமும் கட்டுவார். தம் வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமையை நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னை மிகவும் வருத்துவது இதுதான். 700 ரூபாய் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் உங்கள் பெயரில் ஓர் இணைப்பு வாங்குங்கள். பிறகு, கணவரையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய், இத்தனை நாளும் பயன்படுத்தினோம் என்று மறைக்காமல் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகனையும் உடன் அழைத்துப் போவது நல்லது. பாதிப் பணம் தருகிறோம் என்ற பேச்சை நீங்கள் தொடங்க வேண்டாம். அது அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும்.

கேள்வி: எதிர்வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. திறந்து வைத்திருப்பதைப் பயன்படுத்துவதும் தவறா?
— கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: வெயில் காலத்தில் தெருவில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலில் எவரும் குடிக்கலாம், அது அதற்காகவே வைத்தது. எதிர்வீட்டு முற்றத்தில் இருக்கும் குடம் அப்படியன்று. சட்டமும் இதையே பார்க்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி வலையமைப்பில் நுழைவதை இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

வெளியுலகுக்கு அந்த இணைப்பில் நடப்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரரின் பெயரில்தான் தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது; விசாரணை அதிகாரிகள் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்.

உங்கள் எதிர்வீட்டுக்காரருக்குத் தம் வைஃபை பூட்டில்லாமல் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். இன்றே போய்ச் சொல்லுங்கள்; கேட்டால், பாஸ்வேர்டு போட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள், பத்து நிமிட வேலைதான்.