கால் நகம் தின்ற பக்கத்து இடத்துக்காரன்

பள்ளியில் உடன் படித்தவர் ஒருவரிடம் நீங்கள் கண்ட மிக அருவருப்பான பழக்கம் எது என்பது கேள்வி. மூக்கு நோண்டுகிறவனும் எச்சில் தொட்டுச் சிலேட்டை அழிக்கிறவனும் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கால் நகத்தைப் பல்லால் கடித்துத் தின்பவன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை நம்பிய சிற்றூர் எங்களுடையது. தொடக்கப் பள்ளியில் பெஞ்சு கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஐப்பசியில் பிசானப் பருவத்து நெல் நடவு தொடங்கிவிட்டால், வயலுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வரப்புச் சேறு காயாத வெறுங்காலோடு நேரே வகுப்புக்கு வருகிற பிள்ளைகளே அதிகம். அவனும் அப்படித்தான் வருவான். கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி வரிசையாக எழுப்பத் தொடங்கியதும், தன் முறை வருவதற்குள் இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, முதுகை வளைத்து, பெருவிரலை வாயருகே கொண்டுவந்துவிடுவான். நகத்தின் ஓரத்தில் முன்பல்லைக் கொடுத்து இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வந்த துண்டின் அடியில் வண்டல் கறுப்பாக அப்பியிருக்கும். அதைத் துப்பிவிட்டாலாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவனோ நாக்கால் புரட்டி, பல்லிடுக்கில் செருகி எடுத்து, நிதானமாக மென்று விழுங்கிவிடுவான். "என்னல திங்க?" என்று கேட்டால், வாயைத் திறக்காமலே "ஒண்ணுமில்லல" என்பான்.

வாத்தியார் ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஏல மூதி, சத்துணவுக்கு இன்னும் நேரம் கெடக்குல்லா!" என்றார். வகுப்பே சிரித்தது, அவன் காலை இறக்கினான், அடுத்த வாய்ப்பாட்டுக்கு மறுபடி தூக்கினான். தமிழ் வாத்தியார் கதை சொல்லும் நேரத்தில் அவன் கால் தரையைவிட்டு எழும்பியதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரம்பின் பயம்தான் அந்தப் பல்லை இயக்கியது என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு உண்மையான சங்கடம் இடைவேளையில்தான். மனத்தளவில் அவன் தாராளமானவன். கடலை மிட்டாய் வாங்கினால் சட்டை நுனியால் மூடி, காக்காக்கடி கடித்துப் பாதியை என்னிடம் நீட்டுவான். துணி இடையில் இருப்பதால் எச்சில் படாது என்பது பிள்ளைகளின் சட்டம். ஆனால் சற்று முன் எதைக் கடித்த பல் என்று கண்ணாரக் கண்டவனுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? பல்வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தேன்.

அருவருப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது ஆபத்தான பழக்கம். ஊரார் கால்வாய்க் கரையிலும் புதர் மறைவிலும் ஒதுங்கிய காலம் அது. நாம் நாக்குப்பூச்சி என்று சொல்லும் உருளைப் புழுவின் முட்டை, மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைகிறது. அந்த மண் நகத்தோடு வாய்க்குள் போனால், முட்டை குடலில் பொரிந்து, இளம்புழு இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலுக்கே திரும்பி, அங்கே ஓரடி நீளம்வரை வளரக்கூடும். இப்போது 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல்தான் தொடங்கியது. எங்கள் காலத்தில் வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும்தான். அவன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதற்கு நகம்தான் காரணமா, வாய்ப்பாடுதான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவனுடைய ஆச்சி பத்துக் கால்விரலிலும் வேப்பெண்ணெய் தடவி அனுப்பிப் பார்த்தார். அவன் வகுப்புக்கு வந்ததும் பெருவிரலைத் தரையில் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கடித்தான். வேப்பெண்ணெயோடு தரைப் புழுதியும் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். அங்கே பெஞ்சும் டெஸ்க்கும் இருந்தன. டெஸ்க் குறுக்கே நின்றதால் காலை வாய்க்குக் கொண்டுவர அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. கேலிக்கும் வேப்பெண்ணெய்க்கும் அசையாத பழக்கம் காலாண்டுத் தேர்வுக்குள் நின்றுவிட்டது. அவன் கை நகத்துக்கு மாறிக்கொண்டான். அதை வகுப்பில் பாதிப் பேர் செய்துகொண்டிருந்ததால், அவனை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.