ஆட்டுப்பட்டிக் காவல் நாயின் ஓயாத அரிப்பு

கேள்வி: ஆட்டுப்பட்டிக்குக் காவலாக உள்ள எங்கள் நாட்டு நாய், இரண்டு மாதமாக வாலடியையும் பின்தொடைகளையும் கடித்துக் கடித்து நக்குகிறது, அங்கே முடியும் கொட்டிவிட்டது. பழைய இன்ஜின் ஆயிலைப் பூசச் சொல்கிறார்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தும் மீதமிருக்கிறது. எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். நக்குகிற நாயின் மேல் எதைப் பூசினாலும் அது வயிற்றுக்குள்தான் போகும். இன்ஜின் ஆயில் விஷம். மாட்டு மருந்தைக் கண்ணளவில் கலந்து தெளித்தால் வாந்தியும் நடுக்கமும் வரக்கூடும்.

அரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இடம். காது ஓரமும் முழங்கையும் என்றால் சொறிப்பூச்சியையும், விரலிடுக்கு நக்கி நக்கிப் பழுப்பேறியிருந்தால் ஒவ்வாமையையோ பூஞ்சையையோ நினைப்பேன். நீங்கள் சொல்லும் வாலடியும் பின்தொடையும் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியின் வேலை. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும் என்பதால், பூச்சி கண்ணில் படவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வாலடியைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை படர்ந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

அப்படியானால், கால்நடை மருத்துவரிடம் காட்டி, நாயின் எடைக்கேற்ற தெள்ளு மாத்திரையையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தையோ வாங்கி, அவர் சொல்லும் இடைவெளியில் மூன்று மாதமாவது தொடருங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். ஆனால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்பதால் அதற்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

நாயைவிட அது படுக்கும் இடத்தில்தான் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் மிகுதி. சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, பட்டியோர மண்ணை மேலாகச் சுரண்டி அப்புறப்படுத்துங்கள். கூட்டுப்புழு வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே மருந்து கொடுத்த பின்னும் சில தெள்ளுகள் தென்பட்டால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். ஆட்டுக்குட்டிகளின் கீழிமையையும் விலக்கிப் பாருங்கள்: தெள்ளு அவற்றின் இரத்தத்தையும் குடிக்கும், வெளுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நக்கிய இடம் ஈரமாகவோ சீழ் வைத்தோ இருந்தால் நாள் கடத்தாதீர்கள். அதற்குத் தனி மருந்து தேவைப்படும், புண் ஆறும்வரை கழுத்தில் புனல்போன்ற பட்டையும் போட வேண்டியிருக்கும். கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது அந்தக் கறை படிந்த துணியையும் கொண்டு செல்லுங்கள்.