வீட்டில் பேச்சு நின்றுபோனால் யாரிடம் போவது? கேள்வி பதில்

மனநல சமூகப் பணியாளராக இருபது வருடமாகக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. முதலில் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தேன், இப்போது மதுரையில் தனியாகப் பார்க்கிறேன். குடும்பப் பிரச்சினைக்கு தெரபிஸ்ட் தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி (கோவை, ஆண், 34): அம்மாவுக்கும் மனைவிக்கும் ஆறு மாதமாகப் பேச்சே இல்லை. இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்கிறார்கள். கூகுளில் தேடினால் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், லைஃப் கோச் என்று வரிசையாக வருகிறது. யாரிடம் போவது மேடம்?

பதில்: தம்பி, சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவார். வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சந்தேகம் அளவு மீறிப் போகிறது என்றால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். அடுத்தது எங்களைப் போல மனநல சமூகப் பணி படித்தவர்கள். குடும்பத்தோடு வேலை செய்வது எங்கள் படிப்பிலேயே பெரிய பங்கு.

கவுன்சலர், லைஃப் கோச் என்று போர்டு மாட்ட இங்கே யாரும் உரிமம் கேட்பதில்லை. 2021-ல் துணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்து, கவுன்சலர்களையும் அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது கீழ்மட்டம் வரை நடைமுறைக்கு வரும்வரை விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதுதான். நல்ல கவுன்சலர்களும் நிறைய இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சுளித்தால் அங்கே போக வேண்டாம்.

போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: "குடும்பத்தோட சேர்த்து உட்கார வச்சுப் பார்த்த அனுபவம் உண்டா?" தனி ஆளிடம் பேசுவதில் கெட்டிக்காரர்கூட மூன்று பேர் ஒரே நேரத்தில் சத்தம் போடும் அறையில் திணறிவிடுவார். அது வேறு பயிற்சி.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேருக்குள் இறுக்கம் ஏறும்போது மூன்றாவதாக ஒருவரை நடுவில் இழுத்து அதைத் தாங்கிக்கொள்வது குடும்பங்களின் இயல்பு. மரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை 'முக்கோணம்' என்றார். உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது முனை நீங்கள். அம்மா சொன்னதை மனைவியிடமும், மனைவி சொன்னதை அம்மாவிடமும் கொஞ்சம் மழுப்பிச் சொல்லி நாளை ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் நேரில் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் "அவங்க ரெண்டு பேரையும் சரி பண்ணுங்க" என்று ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருக்காதீர்கள். நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், பெண்): பெரியவர்களை வைத்து இரண்டு தடவை பேசியாகிவிட்டது. தெரபிஸ்ட் புதிதாக என்ன செய்துவிடப் போகிறார்?

பதில்: நியாயமான கேள்வி அம்மா. பெரியப்பா, தாய்மாமன் என்று கூடிப் பேசும்போது ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். யாராவது ஒருவர் தலை குனிந்து வெளியே வருவார். "சரி, இனிமே அப்படி நடக்காது" என்ற வார்த்தை பத்து நாள் தாங்கும். தெரபிஸ்ட் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சண்டை எப்படித் தொடங்குகிறது, யார் என்ன சொன்னதும் யார் எழுந்து போகிறார், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அந்தச் சுற்றை மெதுவாக்கிக் காட்டுவார்.

முதல் நாள் நான் ஒரு பெரிய காகிதத்தில் மூன்று தலைமுறை வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பேச்சு முறிந்த இடத்தில் வெட்டுக்கோடு. ஒரு வீட்டில் மருமகள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மாமியாரிடம், "அத்தை, உங்களுக்கு இருபது வயசுலயே மூணு நாத்தனாரா?" என்று கேட்டார். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

கேள்வி (நாமக்கல், பெண், 42): மகன் பதினொன்றாம் வகுப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறான். அப்பாவோடு பேச்சே கிடையாது. அவனுக்குக் கவுன்சலிங் கொடுக்க நல்ல ஆள் சொல்லுங்கள் அக்கா.

பதில்: "அவனுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை மட்டும் அனுப்பினால், வீட்டில் கெட்டுப்போன சாமான் தான்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். மூன்று பேரும் போங்கள்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அறைக்குள் வந்ததும் அம்மா நடுவில் உட்கார்ந்தார், அப்பா ஒரு ஓரம், பையன் மறு ஓரம். "என்ன குரூப் எடுத்திருக்கே?" என்று பையனைக் கேட்டேன். "பயோ மேத்ஸ் மேடம்" என்றார் அம்மா. "கிரிக்கெட் பார்ப்பியா?" "முன்னாடி பார்ப்பான், இப்ப அதுவும் இல்லை." இதுவும் அம்மாதான். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம், "உங்க சீட்ல அவர் உட்காரட்டும், நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றேன். வேறெதுவும் செய்யவில்லை. அப்பாவும் பையனும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மூன்று நிமிடம் பேச்சே இல்லை. அம்மாவுக்கு வாய் துடித்தது, கையைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் அப்பா, "மத்தியானம் சாப்பிட்டியா?" என்றார். பையன் "ம்" என்றான். மார்க்கைத் தவிர வேறு ஒன்றை அப்பா கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பிறகு அவனே சொன்னான்.

சால்வடார் மினுச்சின் என்ற மருத்துவர் இப்படி உட்காரும் இடத்தை மாற்றுவதையே ஒரு சிகிச்சை உத்தியாகக் கையாண்டார். அந்த அம்மா மேல் தப்பு எதுவும் இல்லை. இருவருக்கும் இடையில் பாலமாக இருந்து இருந்து, பாலம் இல்லாமல் அவர்களால் முடியாது என்று ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பையன் "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, குடும்ப செஷனுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமானால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி (திருநெல்வேலி, பெண்): கூப்பிட்டால் "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார் கணவர். அவர் வராமல் நான் மட்டும் போய் என்ன பயன்?

பதில்: பயன் உண்டு. நீங்கள் தனியாகவே தொடங்குங்கள். ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே வீட்டில் வழக்கமான சண்டை வழக்கமான தடத்தில் ஓடாது. கூப்பிடும்போது "உங்களைச் சரி பண்ணணும்" என்ற தொனி வந்தால் யாரும் வர மாட்டார்கள். "எனக்கு இதைச் சமாளிக்கத் தெரியலை. டாக்டர் உங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டாத்தான் எனக்கு உதவ முடியும்னு சொல்றார்" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யில்லை, எங்களுக்கு உண்மையிலேயே அவர் தரப்பும் வேண்டும். ஆனால் தனியாக வந்தவரிடமே பல மாதம் பேசிவிட்டால், பிறகு வரும் கணவருக்கு "இவர் உன் ஆள்" என்று தோன்றும். ஆகவே அவர் வரச் சம்மதித்தால் வேறொருவரிடம் புதிதாகத் தொடங்கலாமா என்று உங்கள் தெரபிஸ்டிடமே கேளுங்கள்.

கேள்வி (ஊர் வேண்டாம்): அவர் கை நீட்டுகிறார். மாமியார் "ரெண்டு பேரும் கவுன்சலிங் போங்க" என்கிறார்.

பதில்: சகோதரி, இப்போதைக்குச் சேர்ந்து போகாதீர்கள். அடிக்கு பயந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்மை பேச முடியாது. பேசினாலும் அதற்கான விலையை வீடு திரும்பியதும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். அடி என்பது இரண்டு பேருக்கும் பங்குள்ள பிரச்சினை இல்லை. முதலில் உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்டத்திலுள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கும் இடம், சட்ட உதவி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் வழி செய்வார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும் கேட்கலாம். நீங்கள் மட்டும் போய்ப் பேச ஒரு கவுன்சலர் கட்டாயம் வேண்டும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): ஒரு செஷனுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்கிறார்கள். எங்களால் முடியாது. அரசு மருத்துவமனையில் இது உண்டா?

பதில்: உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் சேர்ந்து பார்க்கிறார்கள். ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்ததும், "சமூகப் பணியாளரிடம் குடும்பத்தோட பேசணும்" என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வரிசை அப்படி. கூட்டம் குறைவான நாள் எது என்று விசாரித்துப் போனால் நிம்மதியாகப் பேச நேரம் கிடைக்கும்.

வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. உள்நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவது அங்கே வழக்கம். பெங்களூருவில் மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனி மனநல மையம் இருக்கிறது. வீட்டுச் சிக்கலுக்கு அடியில் குடி இருந்தால், 1980 முதல் சென்னையில் இயங்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையில் குடிப்பவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் தனித் திட்டம் நடத்துகிறார்கள்.

கேள்வி (காரைக்குடி): சின்ன ஊர். பேசியது வெளியே போய்விடாதா?

பதில்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. குழந்தை மீது பாலியல் வன்முறை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்குள் ரகசியம் எப்படி என்பதைத்தான் முதல் நாளே தெளிவாகக் கேளுங்கள்: நான் தனியாகச் சொன்னதை என் கணவரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? ஒவ்வொரு தெரபிஸ்டுக்கும் ஒரு விதி இருக்கும். அது தெரியாமல் மனம்விட்டுப் பேசிவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த முகம் பார்க்குமே என்று பயமிருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை.

கேள்வி (துபாய்): நான் இங்கே, பெற்றோர் கும்பகோணத்தில். வீடியோ காலில் முடியுமா?

பதில்: முடியும். அப்பா அம்மா ஒரே போனைப் பிடித்துக்கொண்டால் ஒருவர் முகம்தான் தெரியும். போனை எதிரே சாய்த்து வைத்துத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். வேலைக்கார அம்மா வரும் நேரம் வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. இதற்கும் தெரபியா?

பதில்: பாகப்பிரிவினைக் கணக்கை எங்களால் தீர்க்க முடியாது. அதற்கு நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்கள் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே தொடங்கிவிட்டார்கள். பத்திரம் முடிந்த பிறகும் தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மனம் வரவில்லை என்றால் அப்போது வாருங்கள்.

கேள்வி (சேலம், பெண்): எத்தனை தடவை போக வேண்டும்? சரியில்லை என்றால் எப்படித் தெரியும்?

பதில்: மூன்று, நான்கு தடவை போனபின் பாருங்கள். எல்லோருமே ஒரு தடவையாவது "என்னை இவர் புரிந்துகொண்டார்" என்று உணர்ந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அர்ச்சனை விழுந்தால் அதைத் தெரபிஸ்டிடமே சொல்லுங்கள். நல்லவர் அதைக் காது கொடுத்துக் கேட்பார். ஜாதகம் கேட்டாலோ, பரிகாரம் சொன்னாலோ, முதல் நாளே இருபது செஷனுக்குப் பணம் கட்டச் சொன்னாலோ ஆளை மாற்றுங்கள்.

கேள்வி (அதே வாசகி): ஆறு வயது மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போகிறோம் என்று அவளிடம் என்ன சொல்வது?

பதில்: டாக்டர் என்று சொன்னால் ஊசி ஞாபகம் வந்து அழுவாள். "அப்பாவும் அம்மாவும் அடிக்கடி சண்டை போடறோம்ல, சத்தம் போடாம பேசறது எப்படின்னு ஒரு ஆன்ட்டி சொல்லித் தருவாங்க. நீயும் கூட வா, படம் வரையலாம்" என்று சொல்லுங்கள். "சண்டை உன்னால இல்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவள் கேட்காவிட்டாலும். அவளுடைய கலர் பென்சில் டப்பாவையும் பையில் எடுத்து வையுங்கள்.