சறுக்காத கம்பெனியா?

கேள்வி: பி.எம்.டபிள்யூ. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பணக்காரர்களுக்கான கார் மட்டுமே செய்து, ஒருமுறைகூடச் சறுக்காமல் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. விமான விசிறியையே சின்னமாக வைத்த கம்பெனியாயிற்றே! அந்த ஜெர்மானிய நேர்த்தி நம்மவர்களுக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?
– வாசகர், கோவை

பதில்: கேள்வி சிறியதுதான், அதற்குள் மூன்று தப்பு இருக்கிறது. சின்னத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கம்பெனிக்கு முன்பு ராப் என்று பெயர். ராப் முத்திரையில் இருந்த கறுப்பு வளையத்தை 1917-ல் புதுப் பெயருக்கும் வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் நீலமும் வெள்ளையும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். அரசுச் சின்னத்தை வியாபார முத்திரையில் போடக் கூடாது என்று அன்றைக்குச் சட்டம் இருந்ததால், நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். விசிறிக் கதைக்குக் காரணம் 1929-ல் வந்த ஒரு விளம்பரம். அதில் சுழலும் விமான விசிறிக்குள் இந்த முத்திரையை வரைந்திருந்தார்கள். கேட்க நன்றாக இருந்ததால் கம்பெனியும் வெகுகாலம் அதை மறுக்கவில்லை.

அடுத்து, 'பணக்காரர் கார் மட்டுமே'. ஆரம்பத்தில் அவர்கள் காரே செய்யவில்லை. முதல் உலகப் போருக்கு விமான எஞ்சின் செய்தார்கள். போரில் ஜெர்மனி தோற்றது, வெர்சாய் ஒப்பந்தம் விமான எஞ்சினுக்குத் தடை போட்டது. அப்புறம் பிழைப்புக்கு ரயில் பிரேக் செய்தார்கள். 1923-ல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிள் வந்தது. கார் என்று எதையாவது விற்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. ஐசனாக் நகரத்தில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை, உரிமம் பெற்று, டிக்ஸி என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். நம் மாருதி 800-ஐவிடச் சின்ன எஞ்சின், 15 குதிரைத்திறன். முன்முகப்பில் இரட்டைச் சிறுநீரகம் மாதிரி இருக்கும் அந்தக் கிரில் 1933-ல்தான் வந்தது.

நேர்த்தி என்று மெய்சிலிர்க்கும்போது 1940-களையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஹிட்லரின் போர் விமானங்களுக்கு இந்தக் கம்பெனி எஞ்சின் செய்தது. மியூனிக் அருகே அல்லாக் ஆலையில் வேலை செய்தவர்களில் டாஹாவ் வதைமுகாம் கைதிகளும் இருந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் கம்பெனியின் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கைதிகளும், வெளிநாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும்தான். நூற்றாண்டு கொண்டாடிய 2016-ல் கம்பெனியே இதற்கு வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது.

இப்போது 'ஒருமுறைகூடச் சறுக்காமல்' என்பதற்கு வருகிறேன். போர் முடிந்ததும் ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பக்கம் போய்விட்டது. மியூனிக் ஆலையின் இயந்திரங்களை நேச நாடுகள் கழற்றி எடுத்துக்கொண்டு போயின. மிச்சம் இருந்த அலுமினியத்தில் சட்டி பானை செய்து விற்றது பி.எம்.டபிள்யூ. பிறகு 1950-களில் புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. நாடே இடிபாடுகளில் கிடந்தபோது, நீங்கள் நினைக்கிற மாதிரியே பணக்காரர்களுக்குக் கார் செய்தார்கள், 501 என்று. வாங்க ஆள் இல்லை. 507 என்று இன்னொன்று. அழகுக்குக் குறைவே கிடையாது, ராணுவச் சேவைக்காக ஜெர்மனிக்கு வந்திருந்த எல்விஸ் பிரெஸ்லிகூட ஒன்று வைத்திருந்தார். மொத்தம் செய்தது சுமார் 250 கார், ஒவ்வொன்றிலும் நஷ்டம். அந்த நாட்களில் கம்பெனிக்குச் சோறு போட்டது இசெட்டா. இத்தாலிக்காரர்களிடம் உரிமம் வாங்கிய முட்டை வடிவ வண்டி அது. ஒரே கதவு, அதுவும் மூக்கில். கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வரும். உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் விற்றது. ஆனால் பெரிய கார்களில் விட்ட காசை அந்த முட்டையால் ஈடுகட்ட முடியவில்லை.

1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். மேடையில் இருந்தவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்திருந்தார்கள்: கம்பெனி டைம்லர்-பென்ஸின் கைக்கு, அதாவது மெர்சிடிஸ்காரர்களின் கைக்குப் போக வேண்டும். புதுப் பங்குகள் அந்தப் பக்கத்துக்கு. பழைய பங்குதாரர்களுக்கு அவற்றை வாங்கும் உரிமை இல்லை. டாய்ச்ச வங்கியின் ஆசியும் இருந்தது. டைம்லர் முன்வைத்த இந்த ஏற்பாட்டை ஏற்க அன்றைக்கே கெடு. தலையாட்டினால் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் அரங்கம் தலையாட்டவில்லை. சிறு முதலீட்டாளர்கள், விற்க வண்டியே இல்லாமல் போய்விடும் என்று பயந்த டீலர்கள் எல்லாரும் எழுந்து சத்தம் போட்டார்கள். டார்ம்ஸ்டாட் நகரத்து நிலக்கரி வியாபாரி எரிக் நோல்ட் அவர்களில் ஒருவர். வெறும் சத்தத்தால் காரியம் நடந்திருக்காது. ஃபிரீட்ரிஷ் மாத்தர்ன் என்ற வழக்கறிஞர் கணக்கைப் பிடித்தார். 700 என்ற புது மாடலை உருவாக்க ஆன செலவு முழுவதையும் ஒரே வருஷத்துக் கணக்கில் எழுதியிருந்தார்கள். நஷ்டம் ஊதிப் பெருத்ததற்கு அதுவும் காரணம். ஐந்தொகையில், அதாவது கம்பெனியின் சொத்து-கடன் கணக்கில், குறை இருக்கிறது என்று பத்து சதவீதப் பங்குகள் வைத்திருப்போர் சொன்னால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டு அதற்கு மேலேயே விழுந்தது. கூட்டம் தள்ளிப்போனது, டைம்லரின் கெடு காலாவதியானது.

ஆக, இன்றைக்கு நீங்கள் வியக்கும் கம்பெனி உயிரோடு இருப்பது ஐந்தொகையை ஒழுங்காகப் படித்த ஒரு வக்கீலால். பொறியாளர்களின் பங்கு பிறகுதான் வருகிறது.

அதன் பிறகு பணத்தைக் கொட்டியவர் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர். அவரை ரட்சகர் என்று எழுதுவது வழக்கம். அவருடைய அப்பா குந்தர் குவாண்டின் பேட்டரி ஆலைகளிலும் வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம். 2007-ல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதைப் போட்டு உடைத்த பிறகுதான், குடும்பம் ஒரு வரலாற்றாசிரியரை வைத்து ஆராயச் சொன்னது. 2011-ல் வந்த அந்த ஆய்வு மகனையும் விட்டுவைக்கவில்லை.

700 மாடல் நன்றாக விற்றது. 1961-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 1500 என்ற நடுத்தர செடானைக் காட்டினார்கள். பெரிய பணக்காரனுக்கும் இல்லை, இசெட்டா வாங்குகிறவனுக்கும் இல்லை; வேகமாக ஓட்ட ஆசைப்படும் டாக்டருக்கும் வக்கீலுக்கும். நீங்கள் சொல்லும் அந்தப் பெயர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கம்பெனிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

சரி, அதற்குப் பிறகாவது சறுக்கவில்லையா? 1994-ல் இங்கிலாந்தின் ரோவர் குழுமத்தை வாங்கினார்கள். ஒரு காலத்தில் யாரிடம் உரிமம் வாங்கிக் கார் செய்தார்களோ, அந்த ஆஸ்டினின் வாரிசுக் கம்பெனி அது. ஆறு வருஷம் கோடிகோடியாகக் கொட்டி அழுதார்கள். 2000-ல் ரோவர் கார் தொழிலை வெறும் பத்து பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு, மினி என்ற சின்னக் காரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அதே குழுமத்திலிருந்த லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றார்கள். ஃபோர்டிடமிருந்து 2008-ல் அதை வாங்கி இன்றைக்கும் நடத்திக்கொண்டிருப்பது டாடா. 'நம்மவர்களுக்கு வரமாட்டேன்' என்றீர்களே, அந்த நம்மவர்கள்தான்.