பிசிஷியன் அசிஸ்டன்ட் சேரவா, நர்சிங் சேரவா, இல்ல இன்னொரு தடவ நீட் எழுதவா?

கேள்வி: அம்மா, நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்தான். ரெண்டு தடவ நீட் எழுதிட்டேன், ரெண்டாவது தடவ 20 மார்க்தான் கூடுச்சு, கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத கோட்டாவுலயும் எம்பிபிஎஸ் சீட் கிடைக்கல. அப்பா காய்கறி மார்க்கெட்ல மூட்ட தூக்குறாரு, கோச்சிங்குக்கு வாங்குன கடன் இன்னும் இருக்கு. என் மார்க்குக்கு பி.எஸ்சி நர்சிங் இல்லன்னா பி.எஸ்சி பிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ) கிடைக்கும்ங்கறாங்க. ஏஜென்ட் அண்ணன் ஒருத்தரு, பிஏ படிச்சா பாதி டாக்டர் மாதிரி, அமெரிக்கா போயிடலாம்னு சொல்றாரு. அப்பா நர்சிங் வேணவே வேணாம், நைட் டூட்டி, மாப்ள கிடைக்காதுங்கறாரு. எனக்கு ஆஸ்பத்திரி வேலதான் புடிக்கும். எங்க அப்பத்தாவ அட்மிட் பண்ணியிருந்த பதினோரு நாளும் நான்தான் கூட இருந்தேன், எவ்ளோ தண்ணி குடிச்சாங்க எவ்ளோ யூரின் போச்சுன்னு நோட்டுல எழுதி சிஸ்டர்கிட்ட காட்டுவேன். நான் என்ன பண்ணட்டும்?

பதில்: கண்ணு, உன் லெட்டர்ல கடைசியில போற போக்குல எழுதியிருக்கியே அந்த நோட்டு விஷயம், அத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நாங்க அதுக்கு ஐ/ஓ சார்ட்னு சொல்லுவோம், உள்ள எவ்ளோ போச்சு வெளிய எவ்ளோ வந்துச்சுன்னு கணக்கு. 30 வருஷம் வார்டுல நின்னவ நான், புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அத ஒழுங்கா எழுத வைக்கவே ஆறு மாசம் ஆகும், உனக்கு யாரும் சொல்லித்தராமலே வந்திருக்கு.

முதல்ல அந்த ஏஜென்ட் சொன்னத பாத்துருவோம், ஏன்னா உன் வீட்டு காச அவர்தான் கேக்கப்போறாரு. பிசிஷியன் அசிஸ்டன்ட்ங்கற படிப்பு அமெரிக்காவுல 1965ல டியூக் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது, கப்பல் படையில மருத்துவ உதவியாளரா இருந்துட்டு வந்த நாலு பேர வச்சு. இன்னிக்கு அங்க அது டிகிரி முடிச்சவங்க படிக்கற மாஸ்டர்ஸ் கோர்ஸ், ரெண்டே கால் வருஷம் பக்கம் ஓடும், முடிச்சவங்க மருந்தே எழுதிக் குடுக்கலாம். ஆனா அங்க பிஏவா வேல பாக்கணும்னா அந்த நாட்டுல அங்கீகாரம் வாங்குன காலேஜ்ல படிச்சிருந்தாதான் லைசென்ஸ் பரீட்சையே எழுத விடுவாங்க. நம்ம ஊரு பி.எஸ்சிய கொண்டு போய் நீட்டினா பரீட்சை ஹால் வாசலுக்கே போக முடியாது. பேரு ஒண்ணுதான், அந்த படிப்பு வேற இந்த படிப்பு வேற. இத தெரிஞ்சே மறைச்சு ஒரு மூட்ட தூக்குறவர் பொண்ணுகிட்ட பேசறத நெனச்சா எனக்கு ரொம்ப கோவம் வருது.

அதுக்காக பிஏ மோசமான வேலன்னு நான் சொல்ல வரல. இந்தியாவுல அந்த கோர்ஸே நம்ம சென்னையிலதான் பொறந்துச்சு, 1992ல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல, டாக்டர் கே.எம்.செரியன் ஆரம்பிச்சு வச்சாரு. 1975ல பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில நாட்டோட முதல் ஹார்ட் பைபாஸ் ஆபரேஷன் பண்ணாரே, அவரேதான். ஹார்ட் ஆபரேஷன்ல சர்ஜனுக்கு பக்கத்துல நின்னு கை குடுக்க, ஆபரேஷனுக்கு முன்ன பின்ன பேஷன்ட்ட பாத்துக்க தேர்ந்த ஆள் வேணும்ங்கற தேவையில வந்த படிப்பு அது. மூணு வருஷம் படிப்பு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டியில இருக்கு, பாராமெடிக்கல் கவுன்சிலிங்ல சீட் தர்றாங்க.

நர்ஸ், பிஏ, டாக்டர் மூணு வேலைக்கும் என்ன வித்தியாசம்னு நீ கேக்கற மாதிரி ஒரு ராத்திரிய சொல்றேன். வயித்து ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், மணி 2, பேஷன்ட்டுக்கு வலி ஒண்ணும் பெருசா இல்லங்கறாரு ஆனா ஒரு மாதிரி நிலைகொள்ளாம புரண்டுகிட்டே இருக்காரு, கை ஜில்லுன்னு இருக்கு. இத மொதல்ல கவனிக்கறது நர்ஸ்தான், ஏன்னா அந்த நேரத்துல அந்த பெட்டு பக்கத்துல நிக்கறது அவ மட்டும்தான். பல்ஸ் பாக்கறா 120, பிபி 90க்கு கீழ, வயித்துக்குள்ள கசியறத குழாய் வழியா சேக்கற டிரெயின் பேக்ல பாத்தா ரத்தம் நெறைஞ்சிருக்கு, ஆக்சிஜன் போட்டு டிரிப் லைன் சரியா ஓடுதான்னு பாத்துட்டு போன் போடறா. டூட்டி டாக்டர் வந்து பாத்து உள்ள ரத்தக்கசிவுன்னு முடிவு பண்ணி ரத்தம் ஏத்தச் சொல்லி சர்ஜன எழுப்பறாரு. பிஏ இருக்கற ஆஸ்பத்திரியா இருந்தா, அந்த பேஷன்ட் கேஸ் ஷீட்டு அவங்களுக்கு மனப்பாடம், என்ன மருந்து போச்சு, காலையில ஹீமோகுளோபின் எவ்ளோ, ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்களான்னு சர்ஜன் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லி, தியேட்டர ரெடி பண்ணி, கை கழுவி கவுன் கிளவுஸ் போட்டு (ஸ்கரப் பண்ணிட்டு) கூட நிப்பாங்க. மறுபடி திறக்கறதா வேணாமாங்கற முடிவு மட்டும் டாக்டரோடது, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மூணு பேர்ல ஒருத்தர் இல்லன்னாலும் அந்த ராத்திரி கஷ்டம். அதனால பாதி டாக்டர் முக்கா டாக்டர்ங்கற பேச்சே தப்பும்மா.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். நான் நர்சிங்னுதான் சொல்லுவேன். நான் நர்ஸ்ங்கறதால சொல்லல. நர்சுக்கு இந்த மாநிலத்துல 1926லயே சட்டம் வந்துருச்சு, படிச்சு முடிச்சதும் நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சு உன் பேர்ல ஒரு நம்பர் வரும், எந்த ஊருக்கு போனாலும் நீ இன்னார்னு அந்த நம்பர் சொல்லும். பிஏ மாதிரி படிப்புகளுக்கான தேசிய கமிஷன் சட்டம் 2021லதான் வந்துச்சு, ரொம்ப புதுசு. இங்க பிஏவால சொந்தமா மருந்து எழுத முடியாது, எப்பவும் ஒரு டாக்டர் கீழதான். நல்ல சர்ஜன் கிடைச்சா கத்துக்கலாம் நல்லா வரலாம், கிடைக்கலன்னா டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிச்சே வருஷம் ஓடிடும், அப்படி மனசு ஒடஞ்சு போன பிள்ளைங்கள பாத்திருக்கேன். கவர்மென்ட்ல பிஏக்குன்னு போஸ்ட் வர்றதும் அபூர்வம். நர்சுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற எம்ஆர்பி (மெடிக்கல் சர்வீசஸ் ரெக்ரூட்மென்ட் போர்டு) இருக்கு, ரயில்வே இருக்கு, மிலிட்டரி இருக்கு, எய்ம்ஸ்ல நர்சிங் ஆபீசர் எடுக்க நார்செட்னு பரீட்சை வைக்கறாங்க, அதுல அடிப்படை சம்பளமே 44,900. வெளிநாடு போகணும்னா அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சைய இந்தியாவுலயே உக்காந்து எழுதலாம். தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனே நர்சுங்கள வெளிநாட்டுக்கு எடுக்கறாங்க, எந்த ஏஜென்ட் கையிலயும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி அங்க போய் விசாரி.

ஆனா உனக்கு நல்லது மட்டும் சொல்லி அனுப்ப மாட்டேன். சின்ன ஊரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆரம்ப சம்பளம் 15,000 தாண்டறதே கஷ்டம். எம்ஆர்பியிலயும் தொகுப்பூதியத்துல சேந்துட்டு பர்மனன்ட்டுக்கு வருஷக்கணக்கா காத்துகிட்டு இருக்கவங்க உண்டு, போராட்டம் பண்ணவங்க உண்டு. ஒரு வார்டுல 6 பேர பாக்க வேண்டிய இடத்துல 20 பேர பாக்கச் சொல்லுவாங்க. முதுகு போகும், காலு வீங்கும். நான் முதல்ல சேந்த இடத்துல என் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ட வாங்கி பூட்டி வச்சிகிட்டாங்க, கவர்மென்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தப்ப காசு கட்டினாதான் தருவோம்னாங்க, எங்கம்மா கம்மல அடகு வச்சுதான் மீட்டேன். இன்னிக்கும் சில இடத்துல இது நடக்குது. ஜெராக்ஸ் குடு, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வந்துரு.

மூணாவது தடவ நீட் பத்தி. டாக்டர் ஆசைய விடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா கணக்கு பாரு. எம்பிபிஎஸ் நாலரை வருஷம், சிஆர்ஆர்ஐங்கற இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம், அதோட இப்பல்லாம் நிக்க முடியறதில்ல, பிஜி மேல்படிப்பு மூணு வருஷம், அதுக்கு திரும்ப ஒரு நீட். 7.5 கோட்டாவுல கிடைச்சா ஃபீஸ அரசாங்கமே கட்டும், அதனால கட்-ஆஃப்புக்கு பத்து மார்க் கம்மின்னா நானே இன்னொரு வருஷம் படின்னு சொல்லியிருப்பேன். ஒரு வருஷம் முழுக்க உக்காந்து 20 மார்க்தான் கூடியிருக்கு, கடனும் நிக்குது, அப்ப காலேஜ்ல சேந்துக்கறதுதான் நல்லது. வெளிநாட்டுல எம்பிபிஎஸ்னு எவனாவது வந்தா கதவ சாத்து, திரும்பி வந்து எழுதற பரீட்சையில நூறு பேர்ல முப்பது பேர்கூட தேறாத தடவைங்க நெறைய.

உங்க அப்பாகிட்ட இத படிச்சு காட்டு. அண்ணே, உங்க பயம் எனக்கு புரியுது, எங்கப்பாவும் இதேதான் சொன்னாரு. நைட் டூட்டி டாக்டருக்கும் உண்டு, பிஏவுக்கும் உண்டு, பொம்பளப் புள்ள ராத்திரி வேல பாக்கறது தப்புன்னா மூணுமே தப்பாயிடும். உங்க அம்மா பதினோரு நாள் படுத்திருந்தப்ப ராத்திரி டிரிப் மாத்த வந்த பொண்ணும் யாரோ ஒருத்தரு மகதானே அண்ணே. அந்த பொண்ண நீங்க கொறச்சு நெனச்சிருக்க மாட்டீங்க. என்கூட வேல பாத்தவங்க எத்தனையோ பேர் நைட் டூட்டி பாத்துகிட்டே கல்யாணம் பண்ணி புள்ளைங்கள வளத்திருக்காங்க, நானும்தான்.

கண்ணு, பி.எஸ்சி நர்சிங் நாலு வருஷம், பன்னெண்டாவது மார்க் வச்சு கவுன்சிலிங். கவர்மென்ட் காலேஜ மேல போடு, அதுக்கு கீழ பிரைவேட் போடறதா இருந்தா கூடவே ஓடற ஆஸ்பத்திரி இருக்கா, நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு நேர்ல போய் பாத்துட்டு போடு, பில்டிங் போட்டோவ நம்பாத. நர்சிங் அமையாம போனா பிஏ எடுக்கறதுல தப்பில்ல, அப்ப தெனம் ஆபரேஷன் நடக்கற பெரிய ஆஸ்பத்திரி கூட இருக்கற காலேஜா பாத்துக்க. காலேஜ் சேந்ததும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உனக்கு வரணும், அதுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சதுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும், இந்த வாரமே உங்க ஹெச்எம்ம பாத்து வாங்கிடு.